உராய்வுக்கு முன்னால் நடப்பது

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் பட்டாசு ஆலை ஒன்று வெடித்தால், மறுநாள் செய்தியில் காரணம் பெரும்பாலும் உராய்வு என்றே வரும். அது பொய்யல்ல. உராய்வில் பிறக்கும் வெப்பம் வெடிமருந்துப் பொடி முழுவதும் பரவுவதில்லை, கண்ணுக்குத் தெரியாத சில புள்ளிகளில் குவிகிறது என்பதைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் பிரான்சிஸ் பவுடன் காட்டினார். தொட்டால் மருந்து குளிர்ந்தே இருக்கும். அந்தப் புள்ளியில் மட்டும் வெப்பநிலை சில நூறு டிகிரியைத் தொட்டிருக்கும். கலவையில் மணல் துணுக்கு ஒன்று கிடந்தால் ஆபத்து இன்னும் அருகில்.

மருந்தில் சேரும் அலுமினியப் பொடியின் குணம் வேறு. ஈரம் பட்டால் வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளிவிடும், தானாகவே சூடேறும். அதனால்தான் கலந்த மருந்தை மறுநாளைக்கு மீதம் வைக்கக் கூடாது. மருந்து செலுத்தும் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி விபத்தைத் தடுக்காது. விபத்து நடந்துவிட்டால், சாவு அந்த அறையைத் தாண்டாமல் இருக்கவே அது.

இவை எல்லாமே வேலையை மெதுவாக்கும் விதிகள். பல ஆலைகளில் கூலியோ எண்ணிக்கைக் கணக்கு. உரிமம் பெற்ற முதலாளியிடமிருந்து ஆலையை உள்குத்தகைக்கு எடுத்தவருக்குப் போட்ட பணம் தீபாவளிக்குள் திரும்ப வேண்டும். அறைக்குள் நெருக்கமாக ஆட்களை உட்கார வைப்பதும், மரத்தடியில் மருந்து செலுத்துவதும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை வெடித்து நாற்பது பேர் அளவில் இறந்தார்கள். விதிமீறலுக்காக அந்த ஆலையின் உரிமம் ஏற்கெனவே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. ஆனாலும் வேலை நடந்துகொண்டிருந்தது.

முதலாளியின் மனம் பாதுகாப்பின் பக்கமா, உற்பத்தியின் பக்கமா என்பதைத் தொழிலாளி எப்படி அறிகிறார்? இஸ்ரேலிய உளவியலாளர் டோவ் சோஹர் 20 தொழில் நிறுவனங்களில் இதை ஆராய்ந்து 1980-இல் வெளியிட்டார். பாதுகாப்பை நிர்வாகம் எவ்வளவு மதிக்கிறது என்று தொழிலாளர்கள் சொன்னதும், பாதுகாப்பு ஆய்வாளர்கள் அந்த நிறுவனங்களுக்குத் தந்த தரவரிசையும் பெரிதும் ஒத்துப்போயின. சுவரில் எழுதியிருப்பதை விட்டுவிட்டு, உற்பத்தியும் பாதுகாப்பும் மோதும் நேரத்தில் மேலாளர் எதை விட்டுக்கொடுக்கிறார் என்பதையே அவர்கள் கவனிக்கிறார்கள்.

ஆனாலும் முதலாளியின் நல்லெண்ணம் வேதியியலை மாற்றிவிடாது. 1802-இல் அமெரிக்காவின் பிராண்டிவைன் ஆற்றங்கரையில் வெடிமருந்து ஆலை தொடங்கிய டூ பான்ட், ஆலைக்குப் பக்கத்திலேயே குடும்பத்தோடு குடியிருந்தார். வெடித்தால் ஆற்றுப் பக்கம் போகட்டும் என்று மற்ற மூன்று பக்கமும் தடித்த கல்சுவர் எழுப்பினார். அப்படியும் 1818-இல் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆனால் அங்கே ஆபத்து முதலாளியின் வீட்டு வாசல் வரை வந்தது. உள்குத்தகையில் அது முதலாளியை எட்டுவதே இல்லை.

ஓர் ஆலையின் அறத்தை அளக்க ஒரு கேள்வி போதும். காற்றில் ஈரம் அதிகம், இன்று மருந்து கலக்க வேண்டாம் என்று போர்மேன் சொன்னால், அன்றைக்குக் கூலி உண்டா? உண்டென்றால் தொழிலாளியின் கை நிதானமாக இயங்கும், சந்தேகம் வந்தால் வாய்விட்டுச் சொல்வார். இல்லையென்றால் இழந்த கூலியை மறுநாள் வேகத்தில்தான் ஈடுகட்டுவார். மருந்தில் உராய்வு கூடுவதும் அந்த வேகத்தில்தான்.