ஒரு ஸ்டார் மட்டும் போதுமா?

மொபைல் போனில் பதிந்த அப்ளிகேஷன் சரியாக இயங்கவில்லை என்றால் என்ன செய்கிறோம்? ஒரு ஸ்டார் கொடுத்து, "வேஸ்ட்" என்று எழுதிவிட்டு அதனை நீக்கிவிடுகிறோம். இதையெல்லாம் யார் படிக்கப் போகிறார்கள் என்று பலர் என்னிடம் கேட்டதுண்டு. புரோகிராம் எழுதும் நாங்கள் படிக்கிறோம். ஆனால், படித்தும் ஒன்றும் செய்ய முடியாமல் போவதுதான் அதிகம்.

நான் இருந்த குழு ஒருமுறை அப்டேட் ஒன்றை வெளியிட்டது. மறுநாளே ஒரு ஸ்டார்கள் குவிந்தன. "பணம் கட்ட முடியவில்லை", "படுமோசம்", "பழையதே தேவலை" என்று வரிசையாகத் திட்டு. எங்கள் சோதனை போன்களிலோ எல்லாம் ஒழுங்காக இயங்கியது. இரண்டு நாட்கள் தேடியும் காரணம் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் ஒருவர், "எனக்குப் பார்வை குறைவு. போனில் எழுத்தைப் பெரிதாக வைத்திருக்கிறேன். பணம் கட்டும் பட்டன் திரைக்கு வெளியே போய்விடுகிறது" என்று எழுதியிருந்தார். அன்று மாலையே பிழையைச் சரி செய்துவிட்டோம். அவர் கொடுத்திருந்ததும் ஒரு ஸ்டார்தான்!

ஆய்வு சொல்வது என்ன?

இத்தகைய புகார்களை ஆராய்வது இன்று சாப்ட்வேர் இன்ஜினியரிங் துறையில் தனி ஆய்வாகவே வளர்ந்துள்ளது. கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் அகமது ஹசன், ஹம்மாத் காலித், எமாத் ஷிஹாப், மெய்யப்பன் நாகப்பன் ஆகியோர் 2015ல் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். ஐபோனுக்கான 20 இலவச அப்ளிகேஷன்களுக்கு வந்த, குறைந்த ஸ்டார் கொண்ட 6,390 கருத்துகளைப் படித்து, புகார்களை 12 வகைகளாகப் பிரித்தனர்.

அதிகம் வந்தவை மூன்று. ஏதேனும் ஒரு வசதி சரியாக வேலை செய்யாதது, புதிய வசதி வேண்டும் என்ற கோரிக்கை, புரோகிராம் திடீரென மூடிக்கொள்ளும் கிராஷ். ஆனால், ஸ்டார்களை மிகவும் கீழே இழுத்தவை வேறு. நம் அந்தரங்கத் தகவல்களில் கை வைப்பது, இலவசம் என்று சொல்லிவிட்டுப் பின்னர் பணம் கேட்பது ஆகியவையே அவை. அண்மையில் வந்த அப்டேட்டால்தான் பிரச்னை என்று 11 சதவீதக் கருத்துகளில் கூறப்பட்டிருந்தது.

கருத்துகள் லட்சக்கணக்கில் வந்தால் மனிதர்களால் படித்து முடிக்க முடியாது. ஜெர்மனியின் ஹம்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாலித் மாலெஜ், 2015ல் சக ஆய்வாளருடன் இணைந்து, இவற்றைக் கம்ப்யூட்டரே பிரிக்கும் வழிகளைச் சோதித்தார். பிழை, கோரிக்கை, பயன்படுத்திய அனுபவம், வெறும் பாராட்டு அல்லது திட்டு என நான்கு வகைகள். ஸ்டார் எண்ணிக்கையுடன், நாம் எழுதும் சொற்களும் இதற்குப் பயன்பட்டன. "வேஸ்ட்" என்று மட்டும் எழுதினால் அது நான்காவது கூடைக்குத்தான் போகும்.

எப்படி எழுதுவது?

1. என்ன செய்தபோது பிரச்னை வந்தது என்று எழுதுங்கள். ஆண்ட்ராய்ட் பிளே ஸ்டோரில் உங்கள் போன் மாடல் பெரும்பாலும் எங்களுக்குத் தானாகவே தெரிந்துவிடும். நீங்கள் எந்தப் பட்டனை அழுத்தினீர்கள் என்பது தெரியாது.

2. திரையில் வந்த பிழைச் செய்தியை அப்படியே எழுதுங்கள்.

3. எழுத்தின் அளவு, மொழி போன்றவற்றை மாற்றி அமைத்திருந்தால் அதனையும் குறிப்பிடுங்கள்.

4. அப்டேட் செய்த பின்னரே பிரச்னை வந்தது என்றால் அதைச் சொல்லுங்கள்.

5. மொபைல் எண், வங்கிக் கணக்கு எண் போன்றவற்றை எழுதவே கூடாது. உங்கள் கருத்தினை எவரும் படிக்கலாம், மோசடிக்காரர்கள் உட்பட.

பிழை சரியானதும் உங்கள் பழைய கருத்தைத் திருத்தி, ஸ்டார்களையும் மாற்றலாம். பழைய ஸ்டார்களைவிடப் புதியவற்றுக்கு அதிக மதிப்பு தரும் முறையை 2019ல் கூகுள் கொண்டு வந்தது.

எங்களுக்கு எழுதிய அந்த வாசகரைப் போலவே, எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பவர்கள் ஏராளம். பட்டன் தெரியாமல் தவித்த அத்தனை பேருக்கும் அவரது மூன்று வரிகள் வழி செய்தன. அடுத்த முறை கோபம் வந்தால் தாராளமாக ஒரு ஸ்டாரே கொடுங்கள். கூடவே காரணத்தையும் எழுதிவிடுங்கள்.