கிருமியைக் காட்டிக்கொடுக்கும் 20 எழுத்துகள்

ஜார்ஜ்டவுன் - கோவிட் காலத்தில் மூக்கில் குச்சியை விட்டு மாதிரி எடுத்தது பலருக்கும் நினைவிருக்கும். பி.சி.ஆர். எனப்படும் அந்தச் சோதனை, மாதிரியில் கிருமியின் மரபணு இருக்கிறதா என்று தேடுகிறது. தேடும் வேலையைச் செய்பவை, ஏறக்குறைய 20 எழுத்துகள் நீளமுள்ள சிறு டிஎன்ஏ துண்டுகள்.

டிஎன்ஏ என்பது ஏ, டி, ஜி, சி ஆகிய நான்கு எழுத்துகளால் ஆனது. ஏ-யுடன் டி-யும், ஜி-யுடன் சி-யும் இணையும். எனவே தனக்குப் பொருத்தமான வரிசையைக் கண்டதும் துண்டு அதில் ஒட்டிக்கொள்ளும். எந்த இடத்தில் ஒட்ட வேண்டும் என்று முடிவு செய்வதுதான் கடினம்.

காலராவை எடுத்துக்கொள்வோம். அதன் நச்சை உருவாக்கும் மரபணு, அந்த இனத்தைச் சேர்ந்த எல்லா பாக்டீரியாக்களிலும் இருப்பதில்லை. அதை மட்டும் தேடினால், நச்சு மரபணு இல்லாதவை கண்ணில் படாமல் போய்விடும். பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள், கிளந்தான் குபாங் கெரியான் வளாகத்தில் இதற்கு வேறு வழி தேடினர். காலரா பாக்டீரியாவை இனங்காண 'லோல்-பி' என்ற மரபணுவைத் தேர்ந்தெடுத்து பி.சி.ஆர். சோதனையை உருவாக்கி, 2008-இல் ஆய்விதழில் வெளியிட்டனர்.

மரபணுவைத் தேர்ந்தெடுத்த பிறகு மென்பொருள் கைகொடுக்கும். இலவசமாகக் கிடைக்கும் 'பிரைமர்3', துண்டின் நீளம், அது ஒட்டும் வெப்பநிலை, ஜி, சி எழுத்துகளின் விகிதம் ஆகியவற்றைக் கணக்கிடுகிறது. துண்டு தனக்குள்ளேயே மடிந்துகொள்ளுமா, இரு துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுமா என்றும் பார்க்கிறது. 'பிரைமர்-பிளாஸ்ட்' இன்னும் ஒரு படி மேலே போய், அதே வரிசை வேறு உயிரினத்தில் உள்ளதா என்று மரபணுத் தரவுத்தளத்தில் தேடுகிறது. இருந்தால், இல்லாத நோயை இருப்பதாகச் சோதனை காட்டிவிடக்கூடும்.

ஆனாலும் கிருமி மாறிக்கொண்டே இருக்கும். 2020-இன் இறுதியில் பரவிய கோவிட் 'ஆல்பா' திரிபின் 'எஸ்' மரபணுவில் ஆறு எழுத்துகள் விடுபட்டிருந்தன. சில சோதனைகளில் அந்த மரபணு தென்படவே இல்லை. அவை வேறு மரபணுக்களையும் சேர்த்துத் தேடியதால்தான் தொற்று தப்பவில்லை.

ஆகவே, மென்பொருள் தரும் விடையே முடிவாகிவிடாது. நன்கு அறிந்த மாதிரிகளை வைத்து ஆய்வகத்தில் சரிபார்க்க வேண்டும். புதிய திரிபுகள் வரும்போது மீண்டும் பார்க்க வேண்டும். ஒரு நோயாளிக்கு உரிய சிகிச்சை உரிய நேரத்தில் கிடைப்பது, அந்த 20 எழுத்துகள் சரியாக அமைவதையும் பொறுத்தது.