கணினியில் விழிக்கும் பலகை கைபேசியில் உறங்குவது ஏன்?

மண்ணின் ஈரத்தை அளந்து கைபேசித் திரையில் காட்டும் கருவி ஒன்றை நீங்களே வடிவமைத்துச் செய்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பலகையின் நடுவே ஒரு மைக்ரோகண்ட்ரோலர் சில்லு, ஓரத்தில் யு.எஸ்.பி. 'சி' வகைச் செருகுவாய். மேசைக் கணினியுடன் இணைத்ததும் விளக்கு எரிகிறது, அளவுகள் ஒழுங்காக வருகின்றன. அதே பலகையை, இரு முனையும் 'சி' வகையாக உள்ள கம்பியால் கைபேசியுடன் இணைத்தாலோ, விளக்குக்கூட எரிவதில்லை!

"சில்லு போய்விட்டது" என்பதே பலரும் உடனே செய்யும் முடிவு. நல்ல சில்லைப் பெயர்த்தெடுக்கப் போய், பலகையின் செம்புத் தடங்களையும் உரித்துவிடுவார்கள். சற்றுப் பொறுங்கள். கணினியில் ஓடிய சில்லு, கைபேசியைக் கண்டதும் செத்துவிடுமா என்ன?

கணினியின் பழைய 'ஏ' வகைச் செருகுவாயில் 5 வோல்ட் மின்னழுத்தம் எப்போதும் நிற்கும். யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும் தரும். 2014-இல் விதிகள் வெளியான 'சி' வகை அப்படிப்பட்டதன்று. மறுமுனையில் மின்சாரம் பெற ஒரு கருவி காத்திருக்கிறது என்று தெரிந்த பிறகே அது 5 வோல்ட்டைத் திறந்துவிடும்.

எப்படித் தெரிந்துகொள்கிறது? 'சி' வகைச் செருகுவாயின் 24 முனைகளில் சி.சி.1, சி.சி.2 என்று இரண்டு உண்டு. மின்சாரம் தரும் கருவி இவற்றின் வழியே மிகச் சிறிய மின்னோட்டத்தைச் செலுத்திப் பார்க்கும். அடிப்படை அளவு 80 மைக்ரோ ஆம்பியர். பெறும் பலகையில், இந்த இரு முனைகளுக்கும் கிரவுண்டுக்கும் இடையே தனித்தனியே 5.1 கிலோ ஓம் மின்தடை இருக்க வேண்டும். ஓம் விதிப்படி பெருக்கிப் பாருங்கள்: சுமார் 0.4 வோல்ட் வருகிறதல்லவா? அந்த 0.4 வோல்ட்தான் "நான் இருக்கிறேன்" என்று பலகை சொல்லும் சொல். மின்தடை இல்லையேல் சொல் இல்லை. கைபேசி எதிரே யாரும் இல்லை என்று கருதிக் கதவைத் திறக்காது. சில காசு விலையுள்ள அந்த இரண்டு மின்தடைகளை விட்டுவிட்ட பலகைதான் கணினியில் விழித்துக் கைபேசியில் உறங்குகிறது.

இதை உறுதி செய்ய எளிய வழிகள் உண்டு. கைபேசியில் பென்டிரைவ் போன்ற பொருள்களைச் செருகுவதற்கு, ஒருபுறம் 'சி' முனையும் மறுபுறம் 'ஏ' வாயும் உள்ள ஓ.டி.ஜி. இணைப்பான் கடைகளில் கிடைக்கும். அதற்குள்ளேயே 5.1 கிலோ ஓம் மின்தடை அமைந்திருக்கிறது. அதைக் கைபேசியில் செருகி, கணினிக்குப் பயன்படுத்திய பழைய கம்பியாலேயே பலகையை இணையுங்கள். இப்போது விளக்கு எரிந்தால் ஐயம் பெரும்பாலும் தீர்ந்தது. பிறகு எல்லா இணைப்பையும் கழற்றிவிட்டு, சி.சி. முனை ஒவ்வொன்றுக்கும் கிரவுண்டுக்கும் இடையே மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். இரண்டிலும் 5.1 கிலோ ஓம் காட்ட வேண்டும்.

கம்பியை ஒருபுறமாகச் செருகினால் ஓடுகிறது, புரட்டிச் செருகினால் ஓடவில்லை என்றால்? கம்பியில் சி.சி. தடம் ஒன்றே ஒன்றுதான். செருகும் பக்கத்தைப் பொறுத்து அது பலகையின் ஏதாவது ஒரு முனையைத் தொடும். ஆகவே இரண்டில் ஒரு மின்தடை விட்டுப்போயிருக்கிறது, அல்லது சரியாகப் பற்றவில்லை.

"இரண்டு எதற்கு, இரு முனைகளையும் சேர்த்து ஒரே மின்தடையை வைத்தால் போதாதா?" என்று கேட்கத் தோன்றும். பெரியவர்களுக்கும் தோன்றியிருக்கிறது! 2019 ஜூனில் வெளிவந்த ராஸ்பெரி பை 4 என்னும் சிறு கணினிப் பலகையில் அப்படித்தான் அமைத்திருந்தார்கள். சாதாரணக் கம்பியில் அது நன்றாகவே ஓடியது. உள்ளே அடையாளச் சில்லு பொதிந்த உயர்வகைக் கம்பிகளிலோ, பயன்படாத சி.சி. முனையில் சுமார் 1 கிலோ ஓம் மின்தடை இருக்கும். முனைகள் ஒன்றாகச் சேர்ந்திருந்ததால் 5.1-உம் 1-உம் பக்க இணைப்பாகி, ஏறத்தாழ 0.84 கிலோ ஓம் ஆயின. இரு முனைகளிலும் இவ்வளவு குறைந்த தடையைக் கண்ட மின்னூட்டி, எதிரே இருப்பது காதொலிக் கருவி என்று எண்ணி மின்சாரம் தர மறுத்துவிட்டது. பின்னர் வந்த திருத்திய பலகைகளில் இக்குறை நீக்கப்பட்டது. சிக்கனம் எங்கே கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

விளக்கு எரிந்தும் கைபேசி பலகையை அறியவில்லை என்றால் அது வேறு கதை. சில கைபேசிகளில் ஓ.டி.ஜி. வசதியை நாமே அமைப்புகளில் இயக்க வேண்டும். ஒரு பென்டிரைவைச் செருகிப் பார்த்தால் இது தெரிந்துவிடும். அடுத்து உங்கள் நிரலைப் பாருங்கள். இணைந்ததும் தனக்கு எவ்வளவு மின்னோட்டம் தேவை என்பதைப் பலகை அறிவிக்கிறது. 40 மில்லி ஆம்பியரில் ஓடும் பலகை, எங்கிருந்தோ படியெடுத்த நிரலின் புண்ணியத்தில் 500 மில்லி ஆம்பியர் கேட்டால், மின்கலத்தைக் காக்க வேண்டிய கைபேசி மறுத்துவிடக்கூடும். உண்மைத் தேவையை எழுதுங்கள்.

விளக்கு ஒரு கணம் மின்னி அணைந்தால், 5 வோல்ட் தடத்தில் உள்ள மின்தேக்கிகளைக் கூட்டிப் பாருங்கள். யு.எஸ்.பி. விதி அங்கே நேரடியாக அனுமதிப்பது 10 மைக்ரோ ஃபாரட் மட்டுமே. "பெரியதாக இருக்கட்டும்" என்று 470 வைத்திருந்தால், அது நிரம்பும் கணத்தில் இழுக்கும் மின்னோட்டத்தைக் குறுக்குச் சுற்று என்று கருதிக் கைபேசி துண்டித்துவிடும். அதைக் கழற்றி 4.7 மைக்ரோ ஃபாரட் ஒன்றை வைத்து மீண்டும் செருகிப் பாருங்கள்.