மின்சார வண்டி வருகிறது, மின்மானி எங்கே?

படுவான்கரைக் கிராமங்களுக்கு மின்கம்பி வராத காலத்தில், ஊரில் எவர் வீட்டிலாவது தொலைக்காட்சிப் பெட்டி இருந்தால் அது கார் பற்றரியில்தான் ஓடும். பற்றரி இறங்கியதும் அதைச் சைக்கிள் கரியரில் கட்டி, மண்முனைத் துறையில் பாதையேறி வாவியைக் கடந்து, சார்ஜ் போடும் கடையில் கொடுத்துவிட்டு வரவேண்டும். மறுநாள் அதை எடுக்க இன்னொரு பயணம். 2014இல் மண்முனைப் பாலம் திறந்தது, கம்பியும் வந்தது. ஆனால் "சார்ஜ் போட எங்கே போவது?" என்ற பழைய கேள்வி இப்போது மின்சார வாகனத்தோடு திரும்பி வந்திருக்கிறது.

2022ஆம் ஆண்டை எவரும் மறந்திருக்கமாட்டோம். யூன் மாதம் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாவுக்கு ஏறியது. பின்பு கியூஆர் அட்டை வந்தபோது முச்சக்கரவண்டிக்குக் கிழமைக்கு 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர். இரவிரவாக வரிசையில் நின்றவர்களில் நானும் ஒருவன். அப்போது பலரும் சொன்னது, "மின்சார வண்டி இருந்தால் இந்தக் கரைச்சல் இல்லை" என்று. ஆனால் அதே ஆண்டு மார்ச் மாதக் கடைசியில் ஒரே நாளில் 13 மணிநேரம் மின்வெட்டு இருந்ததையும் சேர்த்து நினைக்கவேண்டும்.

மின்சாரக் கார் நம் நாட்டுக்குப் புதிதல்ல. 2015இல் வரி குறைந்தபோது நிசான் லீஃப் கார்கள் ஆயிரக்கணக்கில் இறங்கின. அந்தக் காரின் முதல் வகை, புதிதாக இருக்கும்போதே ஒரு சார்ஜில் ஏறத்தாழ 120 கிலோமீற்றர்தான் ஓடும். கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். அதன் பற்றரியைக் குளிராக்க ஏற்பாடும் கிடையாது. வெப்ப நாட்டில் அதன் கொள்ளளவு விரைவாகக் குறையும். ஆகவே அது பெரும்பாலும் நகரத்துக்குள் ஓடும் காராகவே நின்றுவிட்டது. 2020இல் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்தபின் சீனாவின் பிவைடி கார்கள் வந்துள்ளன. அவை வேளாண்மை செய்யும் குடும்பத்தின் கைக்கு எட்டும் பொருளல்ல.

நமக்குப் பொருந்துவது ஸ்கூட்டரும் ஓட்டோவும்தான். கமக்காரருக்குத் தெரிந்த கணக்கில் சொல்கிறேன். சாதாரண பிளக்கில் கார் ஒன்றைச் சார்ஜ் பண்ணுவது, ஒரு குதிரைவலுத் தண்ணீர்ப் பம்பிகள் நான்கை இரவு முழுவதும் ஓடவிடுவதற்குச் சமம். ஸ்கூட்டருக்கோ அப்படிப்பட்ட ஒரு பம்பியின் பாதியளவு போதும். சிறிய ஈய பற்றரி ஸ்கூட்டர் இரண்டு யூனிட்டுக்கும் குறைவான மின்சாரத்தில் ஐம்பது கிலோமீற்றரளவு ஓடும். பெற்றோல் ஸ்கூட்டருக்கு அதே தூரத்துக்கு ஒரு லீற்றர் வேண்டும்.

இதில் ஒரு பொறி உண்டு. விற்பவர் இதைச் சொல்லமாட்டார். மாதம் 30 யூனிட் பாவிக்கும் வீடு, ஸ்கூட்டரால் 60 யூனிட்டைத் தாண்டினால் வேறு கட்டணப்படிக்குப் போய்விடும். அப்போது மின்விசிறிக்கும் விளக்குக்கும்கூட விலை ஏறும். வாங்குமுன் கடைசி மூன்று மாதப் பட்டியலை எடுத்துப் பாருங்கள்.

நேபாளத்தின் காட்மண்டுவில் 1993இல் மூன்று சில்லு மின்வண்டிகளைப் பரீட்சித்தார்கள். சஃபா டெம்போ என்று பெயர். வீதியோரச் சார்ஜ் நிலையம் எதுவும் அங்கே இருக்கவில்லை. வண்டிக்கு இரண்டு தொகுதி பற்றரி வைத்து, ஒன்று ஓட மற்றதைக் கொட்டகையில் சார்ஜ் போட்டு, நடுப்பகலில் மாற்றிக்கொண்டார்கள். பெண்கள் பலர் அவற்றை ஓட்டிப் பிழைத்தார்கள். 1999இல் புகை கக்கிய டீசல் டெம்போக்களை அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து அகற்றியபோது இவையும் இடத்தை நிரப்பின. நாம் பாதையேற்றிக் கொண்டுபோன பற்றரியும் இதே வழிதானே!

இங்கே அப்படியொரு கொட்டகையைக் கூட்டுறவுச் சங்கமோ கமக்காரர் அமைப்போ சூரியத் தகட்டுடன் போடலாம். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பகலில் மின்சாரத்துக்குத் தேவை குறைந்ததால் கூரைச் சூரியத் தகடுகளை நிறுத்திவைக்கும்படி மின்சார சபை கேட்டது. பள்ளிப்பிள்ளைகளை ஏற்றும் ஓட்டோவோ காலை எட்டு மணிக்குப்பின் பள்ளி விடும்வரை சும்மா நிற்கிறது.

இதையெல்லாம் எழுதும்போது என் மனதை உறுத்துவது வேறொன்று. இடம்பெயர்ந்து வந்து உறவினர் வளவில் கொட்டில் போட்டிருப்போருக்குச் சொந்த மின்மானி இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து இழுத்த மெல்லிய வயரில் ஒரு விளக்கு எரியும், அவ்வளவுதான். அந்த வயரில் மணிக்கணக்காகச் சார்ஜ் போட்டால் அது சூடேறி உருகும்; ஓலைக் கூரைக்கு அது ஆபத்து. புதிய இணைப்புக்கு விண்ணப்பித்தால், அந்த இடம் உங்களுடையது அல்லது அங்கே குடியிருக்கிறீர்கள் என்று காட்டும் கடதாசி கேட்பார்கள். காணி உறுதியோ அனுமதிப்பத்திரமோ இல்லாதவர்கள் முதலில் கிராம சேவையாளரிடம் வதிவிடச் சான்று கேட்டுப் பாருங்கள். ஸ்கூட்டர் கடைக்குப் பிறகு போகலாம்.