சதுப்பில் விளைந்த செல்வம்

ஏரிகளுக்கு நடுவே கிடக்கிறது த்ரெபோன். செக் நாட்டின் தெற்கே, எண்ணாயிரம் பேர் வாழும் சிற்றூர். சென்ற வாரம் பார்த்த செஸ்கி க்ரும்லோவ் கோட்டையைக் கடன் தொல்லையால் பேரரசர் இரண்டாம் ருடால்ஃபுக்கு விற்ற பேதர் வோக், 1602இல் குடிவந்தது இங்கேதான். ரோஸ்ம்பெர்க் வம்சத்தின் கடைசி வாரிசு அவர்.

இந்த ஏரிகள் மனிதன் வெட்டியவை. உழவுக்கு உதவாத சதுப்பு நிலத்தில் மீன் வளர்த்தால் காசு பார்க்கலாம் என்று கணக்குப் போட்டார்கள் பிரபுக்கள். நோன்பு நாட்களில் இறைச்சி விலக்கப்பட்ட காலம் அது. மீனுக்கு நல்ல கிராக்கி.

அடித்தளம் போட்டவர் ஷ்டெபானெக் நெதோலிட்ஸ்கி. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லுஷ்னிட்சே ஆற்றிலிருந்து அவர் பிரித்த ‘தங்க வாய்க்கால்’, 45 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. வழிநெடுக ஏரிகளுக்கு நீர் ஊட்டிவிட்டு, மறுபடி அதே ஆற்றில் சேர்கிறது. மேடு பள்ளம் அதிகம் இல்லாத சமவெளியில் வாட்டம் பார்த்து வெட்டிய வாய்க்கால் அது, இன்றும் ஓடுகிறது.

அடுத்து வந்தவர் யாகூப் கிர்ச்சீன். 1571இல் ஊரை ஒட்டி ஸ்வியெத் ஏரியைத் தொடங்கியபோது, குறுக்கே நின்ற புறநகர் வீடுகளை இடித்துத் தள்ளினார். குடியானவர்களை வாட்டி வேலை வாங்கியவர் என்ற பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது. செத்தும் நிம்மதியில்லாமல் ஏரிக்கரையில் அலைகிறார் என்று கதை கட்டியிருக்கிறார்கள் மக்கள்.

அவர் 1590இல் முடித்த ரோஸ்ம்பெர்க் ஏரிதான் நாட்டிலேயே பெரியது. கரையின் நீளம் மட்டும் சுமார் 2.4 கிலோமீட்டர். அவ்வளவு நீரைத் தேக்கியவருக்கு வெள்ள பயமும் இருந்தது. ஆற்றில் மிகுந்து வரும் தண்ணீரை முன்கூட்டியே பக்கத்து நெஷார்க்கா ஆற்றுக்குத் திருப்ப ‘புதிய ஆறு’ ஒன்றையே வெட்டினார். 2002 ஆகஸ்ட் பெருவெள்ளத்தில் ஏரி வழக்கத்தைவிடப் பல மடங்கு நீரைத் தாங்கியது, கரை உடையவில்லை.

ஊருக்குள் எல்லாமே நடக்கும் தூரம்தான். பழைய நகர வாயில்கள், மறுமலர்ச்சிக் கால வீடுகள் சூழ்ந்த சதுக்கம், பிரபுக்களின் மாளிகை, 1379இல் தொடங்கியதாகச் சொல்லும் பியர் ஆலை. புனித ஜைல்ஸ் தேவாலயத்துக்காக 1380 வாக்கில் தீட்டிய பலிபீட ஓவியங்களை இப்போது பார்க்க வேண்டுமென்றால் பிராகா தேசியக் கலைக்கூடத்துக்குத்தான் போக வேண்டும். ஸ்வியெத் கரையில், 1660க்குப் பிறகு ஊரை ஆண்ட ஷ்வார்ட்சென்பெர்க் குடும்பத்தின் கல்லறை மண்டபம் நிற்கிறது.

இலையுதிர் காலத்தில் வாருங்கள். மதகைத் திறந்து ஏரியை நாள்கணக்கில் மெல்ல வடிப்பார்கள். கடைசியில் கரையோரப் பள்ளத்தில் மட்டும் தண்ணீர் நிற்கும். விடியற்காலையில் இடுப்பளவு சேற்றில் இறங்கி வலையை வளைத்து இழுத்தால், நீர் கொதிப்பதுபோல் துள்ளும் கெண்டை மீன்கள். இனம் பிரித்து, உயிரோடு தொட்டிகளில் ஏற்றுவார்கள். சேற்று வாடை போகத் தெளிந்த நீரில் விட்டுவைத்து, கிறிஸ்துமஸுக்கு விற்பார்கள். அந்த முன்னிரவு விருந்தில் கெண்டை வறுவல் இல்லாத செக் வீடு குறைவு.

மீன் கொடுத்த செல்வம் போதவில்லை பேதர் வோக்கின் அண்ணன் விலேமுக்கு. ரசவாதத்தில் இறங்கினார். தங்கம் செய்யும் ஆசை காட்டி இதே ஊரில் தங்கிய இங்கிலாந்துக்காரர்கள் ஜான் டீ, எட்வர்ட் கெல்லியின் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)