இலக்கில்லா நடைக்கு ஆங்கிலம் வைத்த பெயர்கள்

வெளிநாட்டில் விமானம் இறங்கியதும் கைப்பேசி 'ரோமிங்' என்று காட்டுகிறது. நிலவில் சந்திரயான்-3 இறக்கிவிட்ட ஆறு சக்கர வண்டியைச் செய்தித்தாள்கள் 'ரோவர்' என்றன. குழந்தையை உட்காரவைத்துத் தள்ளிப்போகும் வண்டி கடையில் 'ஸ்ட்ரோலர்'. உரிமையாளர் இல்லாமல் தெருவில் திரியும் நாய் 'ஸ்ட்ரே டாக்'. அன்றாடம் நம் காதில் விழும் இந்த நான்கு சொற்களும் ஒரே குடும்பம். இன்ன இடத்துக்கு என்று முடிவுகட்டாமல் நடப்பதையும் அலைவதையும் குறிக்கும் ஆங்கில வினைகளிலிருந்து பிறந்தவை.

குடும்பம் பெரியது. வாண்டர், ரோம், ரோவ், ராம்பிள், ஸ்ட்ரோல், சாண்டர், ஆம்பிள், மியாண்டர், ஸ்ட்ரே, ப்ரவுல், லாய்ட்டர், கேலிவான்ட் என்று நீள்கிறது. ஆங்கில-தமிழ் அகராதியில் இவற்றைத் தேடினால் அலை, திரி, சுற்று, உலாவு என்ற நான்கைந்து சொற்களே மாறி மாறி வருகின்றன. அது பிழையில்லை. ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்துவிட்டால், பூங்காவில் காற்று வாங்கிய மனிதர் திருட வந்தவராக மாறிப்போவார்.

ஆங்கிலத்தில் இத்தனை வினைகள் எதற்கு? மொழியியலாளர் லெனர்ட் டால்மி இதற்கு ஒரு தெளிவான விளக்கம் தந்தார். ஒரு நகர்வைப் பற்றிப் பேசும்போது இரண்டு செய்திகள் உண்டு: எந்தப் பக்கம் போகிறது, எப்படிப் போகிறது. ஆங்கிலம் 'எப்படி' என்பதை வினைக்குள்ளேயே வைத்துவிட்டு, திசையை இன், அவுட், அக்ராஸ் போன்ற சிறு சொற்களிடம் விடுகிறது. ஸ்பானிஷ், பிரெஞ்சு, துருக்கி, ஜப்பானிய மொழிகளில் திசைதான் வினைக்குள் இருக்கும். நடையின் விதம் வேண்டுமென்றால் தனியாகச் சேர்க்க வேண்டும்.

டான் ஸ்லோபினும் உடன் ஆய்வாளர்களும் இதைச் சோதித்த முறை எனக்கு மிகவும் பிடித்தது. காணாமல் போன தவளையைச் சிறுவன் ஒருவன் தேடிப்போகும் படக்கதை, எழுத்தே இல்லாதது. அதைப் பல மொழி பேசும் குழந்தைகளிடமும் பெரியவர்களிடமும் கொடுத்துக் கதையைச் சொல்லச் சொன்னார்கள். படங்கள் ஒன்றுதான். ஆனால் ஸ்பானிஷ் பேசுவோரைவிட ஆங்கிலம் பேசுவோர் நகர்வின் விதத்தைக் காட்டும் வினைகளை அதிகமாகவும் வகைவகையாகவும் பயன்படுத்தினர். பெத் லெவின் 1993இல் ஆங்கில வினைகளை வகைப்படுத்தி எழுதிய நூலில் இத்தகைய வினைகள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன.

தமிழை இந்தக் கண்ணோடு பார்த்தால் ஏறு, இறங்கு, நுழை, கட என்று திசையைச் சொல்லும் வினைகள் கச்சிதமாக இருக்கின்றன. விதத்தைச் சொல்லவும் நமக்குக் குறைவில்லை. காலாற, தள்ளாடி, ஆடி அசைந்து, விறுவிறுவென்று. ஆனால் அவை நடந்தான், போனான் என்ற வினைக்கு முன்னால் வந்து நிற்பவை. ஆங்கிலம் ஒரே சொல்லில் அடைத்துவைப்பதை நாம் இரண்டு மூன்று சொற்களில் விரித்துச் சொல்கிறோம். அகராதியில் ஒற்றைச் சொல்லுக்கு எதிரே ஒற்றைச் சொல்லைத் தேடும்போதுதான் வேறுபாடு கைநழுவுகிறது.

அந்த வேறுபாட்டைப் பிரித்தெடுப்பதே அகராதிக்காரர்களின் தொழில்நுட்பம். அவர்கள் பொருளை யோசித்து எழுதுவதில்லை, வாக்கியங்களைச் சேர்க்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் தொகுப்பாசிரியர் ஜேம்ஸ் மர்ரே ஆக்ஸ்ஃபோர்டில் தம் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் உட்கார்ந்து, தன்னார்வலர்கள் எழுதியனுப்பிய மேற்கோள் சீட்டுகளைப் பிரித்துப் பிரித்து அடுக்கினார். 1884இல் முதல் பகுதி வந்த அந்த அகராதி 1928இல்தான் நிறைவுற்றது. மர்ரே அதைப் பார்க்கவில்லை. பிறகு கணினி வந்தது. பர்மிங்ஹாமில் ஜான் சின்க்ளேர் தலைமையில் கோடிக்கணக்கான சொற்கள் கொண்ட உரைத்தொகுப்பிலிருந்து உருவாகி, 1987இல் கோபில்ட் அகராதி வெளிவந்தது. ஒரு சொல்லுக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் எந்தச் சொற்கள் அடிக்கடி வந்து உட்காருகின்றன என்று வரிசையாகப் பார்ப்பதுதான் முறை. சொல்லின் குணம் அதன் சேர்க்கையில் தெரிந்துவிடும்.

ஸ்ட்ரோல் என்ற சொல்லின் அருகே பூங்கா, கடற்கரை, மாலை, கைகோத்தபடி என்பவை வருகின்றன. நிதானமான நடை, கையில் நேரம், கவலையற்ற மனம். ஆம்பிள் இன்னும் மெதுவானது. அது முதலில் குதிரையின் நடை. நடத்தலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது; ஒரு பக்கத்துக் கால்கள் இரண்டும் சேர்ந்தாற்போல் எழும், சவாரி செய்பவரைக் குலுக்காத நடை. சாசரின் கேன்டர்பரிக் கதைகளில் பாத் நகரத்துப் பெண்மணி இப்படி நடக்கும் குதிரையில்தான் யாத்திரை போகிறாள். இன்று மனிதர் நடக்கையில் அந்தச் சொல் வந்தால், அவசரம் என்பதையே அறியாத உடலைக் கண்முன் நிறுத்துகிறது. சாண்டரிலும் வேகம் குறைவுதான், ஆனால் அதில் மிடுக்கு உண்டு. கூட்டத்துக்கு அரைமணி நேரம் கழித்து அலட்டாமல் உள்ளே வருபவருக்கு அந்த வினை பொருந்தும்.

மியாண்டருக்கு வேகம் பொருட்டே இல்லை, பாதையின் வடிவம்தான் எல்லாம். இன்றைய துருக்கியில் வளைந்து வளைந்து ஏஜியன் கடலில் சேரும் ஓர் ஆற்றின் கிரேக்கப் பெயரே வினையாகிவிட்டது. ஆறுகள் ஏன் இப்படி வளைகின்றன என்பதைப் பற்றி ஐன்ஸ்டைன் 1926இல் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். வளைவில் மேல்மட்டத்து வேக நீர் வெளிக்கரையை நோக்கித் தள்ளப்படுகிறது. அடிமட்டத்து நீர் உராய்வால் வேகம் குறைந்து உட்கரைப் பக்கம் ஒதுங்குகிறது. இந்தக் குறுக்குச் சுழற்சியால் வெளிக்கரை அரிக்கப்படும், உட்கரையில் மணல் படியும், வளைவு மேலும் வளையும். தேநீர்க் கோப்பையைக் கலக்கினால் இலைகள் ஓரத்துக்குப் போகாமல் நடுவில் குவிவதற்கும் இதே காரணம் என்று அந்தக் கட்டுரையில் அவர் காட்டினார். பேச்சோ நடையோ மியாண்டர் ஆகிறது என்றால், ஒவ்வொரு திருப்பமும் அடுத்த திருப்பத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறது என்று அர்த்தம்.

வாண்டர், ரோம், ரோவ் மூன்றும் பரப்போடு தொடர்புடையவை. வாண்டர் எல்லாவற்றுக்கும் பொதுவானது. கால் அலையலாம், கண் அலையலாம், மனம் அலையலாம். திசை தவறிவிடும் வாய்ப்பும் அதற்குள் இருக்கிறது. ரோம் பரந்த வெளியைக் கேட்கும். அதன் அருகே யானைக்கூட்டம், காட்டெருமை, புல்வெளி என்பவை வருகின்றன. ரோம் நகருக்கு யாத்திரை போனவர்களால் வந்த சொல் என்று ஒரு கதை உண்டு, மொழியியலாளர்கள் அதை ஏற்பதில்லை. தன் வலையமைப்பின் எல்லையைத் தாண்டிப் பிறர் எல்லைக்குள் கைப்பேசி இயங்குவதற்கு இந்தச் சொல்லைத் தேர்ந்தவர் சரியாகவே தேர்ந்திருக்கிறார். ரோவ் என்பதற்கு வில்வித்தையில் பழைய பயன்பாடு ஒன்று உண்டு. நட்டுவைத்த இலக்குப்பலகை இல்லாமல், போகிற வழியில் கண்ணில் படும் மரத்தையோ மேட்டையோ குறிவைத்து எய்துகொண்டே போவது. ஒன்றைப் பார்த்து, அடுத்ததைத் தேர்ந்து நகர்வது. நிலவில் சந்திரயான்-3இன் ரோவரான பிரக்யான் சுமார் 100 மீட்டர் நகர்ந்ததும் அப்படித்தான்.

வேகம், வடிவம், பரப்பு. இந்த மூன்றையும் ஒரு மாலையில் கற்றுவிடலாம். இந்தச் சொற்களின் உண்மையான கனம் நான்காவது ஒன்றில் இருக்கிறது. நடப்பவரை யார் பார்க்கிறார், என்ன நினைத்துப் பார்க்கிறார் என்பது வினைக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. ஒரு மனிதர் இரவு பத்து மணிக்கு ஒரு தெருவில் மேலும் கீழும் நடக்கிறார். அவர் ஸ்ட்ரோல் செய்கிறார் என்றால் அந்தத் தெருக்காரர். லாய்ட்டர் செய்கிறார் என்றால் அங்கே அவருக்கு வேலையில்லை, கிளம்பச் சொல்ல வேண்டியவர். ப்ரவுல் செய்கிறார் என்றால் இரை தேடுகிறார். கால்கள் செய்வது மூன்றிலும் ஒன்றே.

இந்தத் தீர்ப்பு எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தில் கொள்ளைநோய் மக்களில் பெரும்பங்கைக் கொன்றபின், 1351இல் வந்த தொழிலாளர் சட்டம் அதிகக் கூலி தேடி வேறிடம் போவதைத் தடுக்கப் பார்த்தது. 1547ஆம் ஆண்டுச் சட்டமோ வேலையின்றித் திரிபவரின் மார்பில் 'வி' என்ற எழுத்தைச் சூடுபோட்டு, இரண்டாண்டு அடிமையாக ஒப்படைக்கச் சொன்னது. அந்தக் கொடுமை 1550இல் நீக்கப்பட்டது. 1572ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிரபு ஒருவரின் ஆதரவு இல்லாமல் ஊர் ஊராகப் போய் நாடகம் போடுபவர்களும் நாடோடிக் குற்றவாளிகளே. ஸ்ட்ரோல் என்ற சொல் 1600 வாக்கில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது இத்தகைய நாடோடிகளைத்தான் குறித்தது. பூங்காவில் தம்பதியர் நடப்பதைச் சொல்லும் மரியாதை அதற்குப் பின்னால் கிடைத்தது. லாய்ட்டருக்கு அந்த மரியாதை கடைசிவரை கிடைக்கவில்லை.

நெப்போலியன் போர்களிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் பலர் வீடின்றித் தெருவில் கிடந்த காலத்தில், 1824இல் நாடோடிச் சட்டம் வந்தது. குற்றம் செய்யும் எண்ணத்தோடு ஓரிடத்தில் நிற்கிறார் என்ற சந்தேகமே கைதுக்குப் போதும் என்ற அதன் பிரிவு, 20ஆம் நூற்றாண்டில் கறுப்பின இளைஞர்கள்மீது பாய்ந்தது. அவர்களுடைய போராட்டத்துக்குப் பிறகு, 1981இல்தான் அது நீக்கப்பட்டது.

அதே பார்வை இந்தியாவுக்கும் கப்பலேறியது. அலையும் மக்களை ஐயத்தோடு பார்த்த பிரிட்டிஷ் அரசு 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. உப்பையும் தானியத்தையும் பொதிமாட்டில் ஏற்றி ஊர் ஊராக வணிகம் செய்த குறவர்கள் அதில் சிக்கினார்கள். ஊர்விட்டு ஊர் போவதே அவர்களுடைய பிழைப்பு. அதுவே அவர்கள்மீது ஐயத்துக்கும் காரணமானது.

பெண் நடந்தால் சொல் இன்னும் கடுமையாகிறது. தெருவில் நடப்பவர் என்று நேர்ப்பொருள் தரும் ஆங்கிலச் சொல் பாலியல் தொழிலாளியைக் குறிக்கிறது. கேலிவான்ட் என்ற வினையை அதிகம் வாங்கிக் கட்டிக்கொள்பவர்களும் வீட்டுவேலையை விட்டு ஊர்சுற்றப் போனதாகக் கண்டிக்கப்படும் பெண்களே. வர்ஜீனியா உல்ஃப் 1927இல் லண்டன் தெருக்களில் அந்தி நேரத்து நடையைப் பற்றி எழுதிய கட்டுரையில், வெளியே கிளம்ப ஒரு காரணம் சொல்கிறார்: பென்சில் வாங்க வேண்டும். காரணமே வேண்டாத நடையைக் கொண்டாடும் கட்டுரை அது. அதற்கும் ஒரு சாக்கு தேவைப்பட்டிருக்கிறது.

ஆண்களில் அந்தச் சாக்கைத் தூக்கியெறிந்தவர் அமெரிக்க எழுத்தாளர் தோரோ. நடப்பதைப் பற்றிய அவருடைய கட்டுரை, அவர் இறந்த மறுமாதம், 1862 ஜூனில் அட்லாண்டிக் இதழில் வந்தது. சாண்டர் என்ற சொல் புனித பூமிக்குப் போகும் யாத்திரிகர்களிடமிருந்து வந்தது என்று அவர் அதில் எழுதினார். சொல்லாய்வாளர்கள் ஒப்புக்கொள்ளாத வரலாறு. ஆனால் இலக்கின்றி நடப்பவரை அவர் யாத்திரிகராக உயர்த்தினார் என்பதை யாரும் மறுக்க முடியாது.

அந்த உயர்வு ஒரு நூற்றாண்டு கழித்து நீதிமன்றத்தில் பயன்பட்டது. அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலத்தின் ஜாக்சன்வில் நகரச் சட்டம், தக்க காரணமின்றி இடம்விட்டு இடம் வாண்டர் செய்வதையும் ஸ்ட்ரோல் செய்வதையும் குற்றமாக்கியிருந்தது. இரண்டு வெள்ளைப் பெண்களும் இரண்டு கறுப்பு ஆண்களும் ஒரே காரில் போனார்கள். காரில் ப்ரவுல் செய்ததாக அவர்கள்மீது குற்றம் சுமத்தப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1972இல் நீதிபதி வில்லியம் டக்ளஸ் எழுதிய ஒருமனதான தீர்ப்பு அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. இலக்கின்றி நடப்பது மனித வாழ்வின் இனிமைகளில் ஒன்று என்று சொல்லி, கவிஞர் விட்மனையும் தோரோவையும் சாட்சிக்கு அழைத்தது. என்னைக் கேட்டால், எந்த அகராதியையும்விட அந்தத் தீர்ப்பு இந்த வினைகளை நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறது.

இங்கிலாந்தில் இதே போராட்டம் மலைமேல் நடந்தது. மான்செஸ்டர் பக்கத்து ஆலைத் தொழிலாளர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை நடைக்கு ராம்பிள் என்று பெயர். வேட்டைக்காக அடைத்துவைக்கப்பட்ட கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலத்தில் 1932 ஏப்ரல் 24 அன்று சில நூறு பேர் தடையை மீறி ஏறினார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 2000இல் வந்த சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மலை, மேட்டுநிலம், பொதுநிலம் ஆகியவற்றில் நடந்து திரியும் உரிமையை எல்லோருக்கும் தந்தது. அந்த உரிமையை மக்கள் அழைக்கும் பெயரில் இருக்கும் வினை ரோம்.

ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த வினைகளில் ஒன்றைச் சந்திக்கும்போது தமிழ் நிகரோடு நிறுத்திவிடாதீர்கள். அகராதியில் அதன் கீழே உள்ள எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் படியுங்கள். நடப்பவர் யார், அவரைப் பார்த்துச் சொல்பவர் யார் என்று மாணவர்களைக் கேளுங்கள். பிறகு காலாற நடந்தார், வெட்டியாகத் திரிந்தார், நோட்டம்விட்டபடி சுற்றினார் என்று இரண்டு மூன்று சொற்களில் விரித்து எழுதத் தயங்காதீர்கள். தமிழுக்கு அது இயல்பான வழி.