புத்தாண்டும் நல்வழக்கமும்

ஆண்டு பிறக்கும் நாளில் உறுதி பூணுதல் மக்கள் இயல்பு. “இனி நாள்தோறும் வைகறையில் எழுவேன், இரண்டு கல் தொலைவு ஓடுவேன், இனிப்பைக் கையாலும் தொடேன்” என்று பலர் தமக்குத் தாமே ஆணையிட்டுக்கொள்கின்றனர். சனவரி முதல் நாள் பிறந்த இவ்வாணைகளுள் பல, தைப்பொங்கல் வருமுன்னரே மறைந்து போகின்றன. மனவலிமை இன்மையே இதற்குக் காரணம் என்று சிலர் கடிந்துரைப்பர். அது முற்றும் பொருந்துவதன்று. தம் உடலைப் பகைவரைப் போலக் கருதி ஒடுக்க முற்படுவோர் விரைவிற் களைத்துவிடுகின்றனர். உடலைப் பேணுதல் வேறு, ஒறுத்தல் வேறு. இவ்வேறுபாட்டைக் கடற்கரை ஊர் ஒன்றின் வாழ்க்கையைக் கொண்டு ஆராய்வோம்.

குமரி மாவட்டத்தின் மேலைக் கடற்கரையில், முட்டத்திற்கு அருகில், வள்ளியாறு கடலொடு கலக்கும் இடத்தை அடுத்து அமைந்தது கடியப்பட்டணம். அது மீனவர் வாழும் ஊர். மீன்பிடி தொழிலில் ஊணுக்கும் உறக்கத்திற்கும் நேரம் வகுப்பது கடலே, கடிகாரம் அன்று. இருள் பிரியுமுன் வள்ளத்தைக் கடலில் இறக்குவோர் வீட்டில் வயிறார உண்டு செல்வது அரிது. வலையில் மீன் படும் வேளையில் பசியையும் தாகத்தையும் நினைப்பார் இலர். கதிரவன் ஒளியும் உப்புக்காற்றும் ஆண்டுக்கணக்கில் தாக்குவதால், கண்ணின் வெண்பகுதியிலிருந்து சதை படர்ந்து கருவிழியை நோக்கி வளரும் நோய், கடலில் உழைப்போரிடையே மிகுதியாகக் காணப்படுகின்றது. மீனைச் சுமந்து விற்கச் செல்லும் மகளிரோ, வீட்டிலுள்ளோர் யாவரும் உண்டபின் எஞ்சியதை உண்டு அமைவர். இத்தகைய குடும்பத்தாரிடம், “காலை ஆறு மணிக்கு எழுந்து பூங்காவில் உலாவுக” என்று கூறுவதனால் யாது பயன்?

எனினும், நகரத்தார் கற்றுக்கொள்ளத்தக்க நல்வழக்கம் ஒன்று இக்கடற்கரையில் உண்டு. குமரிக் கடற்கரையில் வாழும் மீனவருட் பெரும்பாலோர் கத்தோலிக்கக் கிறித்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் கடலுக்குச் செல்லாமை நெடுநாளைய மரபு. அன்று கோயிலுக்குச் செல்வர், உற்றாரோடு உரையாடுவர், உடல் அயர்வு தீர உறங்குவர். “இன்று ஓய்வு கொள்ளலாமா?” என்று வாரந்தோறும் ஒருவன் தனித்து நின்று தன் மனத்தோடு போராட வேண்டுவதில்லை, ஊரே அதனை முடிவு செய்துவிட்டது. நாளொடும் ஊரொடும் பிணைந்த செயல் எளிதில் நிலைபெறுகின்றது. புத்தாண்டு உறுதிகளுக்கு இல்லாத வலிமை இதற்கு வாய்த்தது இப்பிணைப்பினாலேயே ஆகும்.

இவ்வுண்மையை ஆராய்ச்சியும் ஒருவாறு உறுதி செய்கின்றது. இலண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியைச் சார்ந்த பிலிப்பா லாலி என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் நிகழ்த்திய ஆய்வு 2009 ஆம் ஆண்டில் வெளிவந்தது. 96 பேர் அதிற் பங்கு கொண்டனர். ஒவ்வொருவரும் ஒரு சிறு செயலைத் தேர்ந்துகொண்டு, அதனை நாள்தோறும் நிகழும் ஒன்றோடு இணைத்துச் செய்தனர். காலை உணவுக்குப்பின் ஒரு குவளை நீர் பருகுதல் போன்றவை அச்செயல்கள். எண்ணாமலே செய்யும் வழக்கமாக அது மாறுவதற்குச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. சிலர்க்கு 18 நாட்களே போதியனவாக இருந்தன. சிலர்க்கு 254 நாட்கள் வேண்டும் எனக் கணக்கிடப்பட்டது. ஆகவே, சனவரி முதல் நாளில் தொடங்கியவன் மார்ச்சு மாதத்து முதல் வாரம் வரையிலேனும் பொறுத்திருத்தல் வேண்டும். இடையில் ஒரு நாள் தவறினால் பெருங்கேடு விளைவதில்லை என்பதும் அவ்வாய்வில் தெரியவந்தது. ஒரு நாள் தவறியவுடன் “எல்லாம் கெட்டது” என்று கைவிடுவோர் இதனை நினைவிற்கொள்ளல் நன்று.

இனி, எவ்வழக்கத்தை முதலில் மேற்கொள்வது? கடியப்பட்டணத்திற்குச் சில கல் தொலைவில் உள்ள நெய்யூரின் மருத்துவ வரலாறு இதற்கு விடை கூறும். அங்கு 1838 ஆம் ஆண்டில் மருத்துவப்பணி தொடங்கப்பெற்றது. பின்னாளில் அம்மருத்துவமனையில் பல்லாண்டுகள் தொண்டாற்றியவர் ஓவர்ட் சாமர்வெல் என்னும் ஆங்கில அறுவை மருத்துவர். எவரெசுட்டுச் சிகரத்தில் ஏற 1922 ஆம் ஆண்டிலும் 1924 ஆம் ஆண்டிலும் முயன்ற குழுக்களில் அவர் இடம்பெற்றவர். முதற் பயணம் முடிந்தபின் தென்திருவிதாங்கூருக்கு வந்த அவர், அங்கே நோயாளிகள் திரண்டிருக்க மருத்துவர் போதாமையைக் கண்டு, தம் வாழ்நாளை இந்நாட்டிற்கே அளிக்கத் துணிந்தார். மலையின் முடியைத் தொட முயன்றவர் மக்களின் வயிற்றுப்புண்ணை ஆற்ற அமர்ந்தது வியப்பிற்குரியதே.

ஆம், குடற்புண் அந்நாளில் அப்பகுதி மக்களைப் பெரிதும் வாட்டியது. மரச்சீனி என்று அங்கு வழங்கும் மரவள்ளிக் கிழங்கு ஏழைகளின் உணவு. இத்தகைய உணவோடு இந்நோய்க்குத் தொடர்பு உண்டு எனச் சாமர்வெல் கருதினார். இந்நோய்க்கு ஒரு நுண்ணுயிரும் முதன்மையான காரணம் என்பது அவர் காலத்தில் எவரும் அறியாதது. 1982 ஆம் ஆண்டில் ஆசுதிரேலிய மருத்துவர்களாகிய ராபின் வாரனும் பாரி மார்சலும் அதனைக் கண்டறிந்தனர். அதன்பொருட்டு 2005 ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர். முன்பு அறுவையால் தீர்க்க முயன்ற புண் இன்று பெரும்பாலும் இரண்டு வார மருந்தினால் ஆறுகின்றது. அந்நுண்ணுயிர் தூய்மையற்ற நீராலும் கைகளாலும் பரவக்கூடும். எனவே, உண்ணுமுன் சோப்பிட்டுக் கைகழுவுதலும் கொதித்தாறிய நீர் பருகுதலும் ஓட்டப் பந்தயத்தினும் முந்தித் தொடங்கத்தக்கவை. மீன் கூடையைத் தொட்ட கையோடு உண்ண அமர்வோர்க்கு இது மிகவும் பொருந்தும். கடலுக்குச் செல்லும் தந்தையின் வள்ளத்தில் ஒரு குடம் குடிநீரும் ஒரு விளிம்புத் தொப்பியும் இருக்கின்றனவா என்று மாலையில் பார்த்து வைத்தல் பிள்ளைகளால் இயல்வதே.

மாணவர்க்கு உரிய மற்றொன்று உறக்கம். பதின்மூன்று முதல் பதினெட்டு வயதினர்க்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும் என்பர் மருத்துவர். தேர்வுக் காலத்தில் இரவு முழுதும் விழித்துப் படிப்பதைப் பெருமையாகப் பேசுவோர் உளர், அது பெருமையன்று. படுக்கும் வேளையில் கைப்பேசியை வேறோர் அறையில் வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நாஞ்சில் நாட்டுத் தேரூரிற் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை (1876–1954), உடல்நலம் பேணுதலைச் சிறுவர்க்கு ஏற்ற எளிய செய்யுளாகப் பாடியுள்ளார். கடுந்தவம் எதனையும் அவர் அதில் வற்புறுத்தவில்லை.

சனவரி கடந்துவிட்டதே என்று வருந்துவோர்க்கு இம்மாவட்டம் மற்றொரு வசதியையும் தருகின்றது. சித்திரை முதல் நாள் தமிழாண்டு பிறக்கின்றது. 1956 நவம்பர் முதல் நாள் தமிழகத்தோடு இணையுமுன் திருவிதாங்கூரின் பகுதியாய் இருந்தமையால், ஆவணியிற் பிறக்கும் கொல்லம் ஆண்டும் இங்கு வழங்கியது. பழைய ஆவணங்களில் அதனை இன்றும் காணலாம். ஆகத் தொடக்கங்கள் மூன்று. பள்ளி திறக்கும் சூன் மாதத்தையும் சேர்த்து எண்ணினால் நான்கு.